குருவானவர் இல்லாத ஞாயிறும் மூப்பர்களின் பயிற்சியும்

ஒரு பங்கின் வலிமையை எதைக்கொண்டு அளப்பது? கோயிற் கோபுரத்தின் உயரத்தைக் கொண்டா? திருவிழாவுக்குத் திரளும் சனத்தைக் கொண்டா? நம்மிற் பலர் அப்படித்தான் அளந்து வருகின்றோம். ஆனால் இதனினும் பொருத்தமான அளவுகோல் ஒன்றுண்டு. பங்குக் குருவானவர் மூன்று மாத காலம் இல்லாதிருப்பாராயின், அப்பங்கில் எவை தொடர்ந்து நடைபெறும், எவை நின்றுவிடும்? மறைக்கல்வி வகுப்பு நடக்குமா? நோயாளரை யாராவது போய்ப் பார்ப்பார்களா? செத்த வீட்டிற் செபம் சொல்ல ஒருவர் முன்வருவாரா? இவற்றுக்குக் கிடைக்கும் விடையே அப்பங்கின் உண்மையான பலமாகும்.

இது வெறுங் கற்பனைக் கேள்வியன்று. நமது முன்னோர் இக்கேள்விக்கு வாழ்ந்து விடை கூறியவர்கள்.

ஏறக்குறைய முப்பது வருடங்கள்

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைப்பட்டதும், இங்கிருந்த கத்தோலிக்க குருமார் அகற்றப்பட்டனர். குருவானவர் ஒருவரை மறைத்து வைப்போருக்கு மரணதண்டனை என்று அவ்வருடமே கட்டளை பிறந்தது. கோயில்கள் ஒல்லாந்தரின் சபைக்குரியனவாயின. அதன்பின் 1687இல், கோவையைச் சேர்ந்த யோசேவாஸ் முனிவர் கூலியாள் கோலத்தில் வந்து சேரும்வரை, ஏறக்குறைய முப்பது வருடங்கள் நம் மக்கள் மேய்ப்பரின்றி இருந்தனர். முனிவர் கழுத்திற் செபமாலை அணிந்து வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார் என்பதும், செபமாலையைக் கண்டு முகம் மாறியவர்களைக் கொண்டே கத்தோலிக்கரை அடையாளம் கண்டார் என்பதும் நாம் சிறுவயதிலிருந்து கேட்டுவரும் வரலாறு. சில்லாலை மக்கள் அவரை மறைத்துக் காத்த கதையும் நாமறிந்ததே.

நாம் அவ்வளவாகக் கவனியாதுவிட்ட பகுதி இதற்குப் பின்னர் வருவது. முனிவர் 1690இல் புத்தளத்துக்கும், 1692இல் கண்டிக்கும் சென்றார். அங்கே ஒற்றன் என்ற சந்தேகத்தில் அரசனாற் சிறை வைக்கப்பட்டார். 1711 தை 16ந் திகதி கண்டியில் அவர் காலமாகும்வரை, அவருக்குத் துணையாகக் கோவையிலிருந்து வந்த குருமார் விரல்விட்டு எண்ணக்கூடிய தொகையினரே. இத்தீவு முழுவதற்கும் அவர்கள் போதுமா? ஓர் ஊருக்கு வருடத்தில் ஒன்றிரண்டு தடவை, அதுவும் இரவிற் போய்வருவதே பெரும்பாடு. அப்படியிருந்தும் விசுவாசம் அழியவில்லை. காரணம், முனிவர் போன இடமெல்லாம் பூசை வைத்தார் என்பது மட்டுமன்று. போன இடமெல்லாம் ஆட்களைப் பழக்கிவிட்டு வந்தார்.

ஊருக்கு ஒரு மூப்பர், பிள்ளைகளுக்கு ஓர் அண்ணாவியார் என்பது அவர் ஏற்படுத்திய ஒழுங்கு. ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்வதும், சாகும் நிலையிலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும், நோயாளியை நல்ல மரணத்துக்கு ஆயத்தஞ் செய்வதும், பிணக்குகளைத் தீர்க்க முயல்வதும் மூப்பரின் கடமை. அண்ணாவியார் செபங்களையும் ஞானோபதேசத்தையும் படிப்பித்தார். குருவானவர் வந்ததும் பிறந்தோர், இறந்தோர், மணம் முடிக்கக் காத்திருப்போர், கோயிலை விட்டு விலகி நிற்போர் ஆகியோரைப் பற்றி மூப்பர் கணக்கொப்புவிக்க வேண்டும். மூப்பர் என்பது மரியாதைப் பெயராக இருந்தாலும், அன்று அது உயிரைப் பணயம் வைக்கும் வேலையாகவும் இருந்தது.

ஞாயிறு கூடினால் வாசிப்பதற்கு ஏதாவது வேண்டுமே. அக்குறையை 1705இல் இங்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தீர்த்துவைத்தார். 1742இல் இறக்கும்வரை சிங்களத்திலும் தமிழிலும் மறையுரைகளும், வரலாறுகளும், செபநூல்களும், பாடல்களும் எழுதிக் குவித்தார். குருவானவர் இல்லாத ஊரில் அந்த ஏட்டை விரித்து வாசிக்கும் மூப்பரின் குரலிலேதான் மக்கள் மறையுரை கேட்டனர். பயிற்சி என்பதில் ஆளைத் தெரிவது ஒரு பாதியென்றால், அவன் கையிற் கருவியைக் கொடுப்பது மறுபாதி. முனிவர் ஆளைத் தெரிந்தார். கொன்சால்வெஸ் அடிகளார் கருவியைக் கொடுத்தார்.

இவ்விடத்தில் யப்பானையும் நினைத்துக்கொள்ளலாம். அங்கே 1644க்குப் பின் குருமாரே இல்லை. எனினும் 1865இல் நாகசாக்கி நகரில் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவரைத் தேடிவந்து தம்மை வெளிப்படுத்திய விசுவாசிகள், இருநூறு வருடங்களுக்கு மேலாக ஞானஸ்நானத்தைக் கைவிடாது காத்தவர்கள். திருநாட்களைக் கணக்கிட ஒருவர், ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர், வீடுகளுக்குச் செய்தி சொல்ல ஒருவர் என்று அவர்கள் பொறுப்புக்களைப் பங்கிட்டிருந்தனர். எல்லாவற்றையும் ஒருவர் தலையிற் சுமத்தவில்லை.

பதவி மிஞ்சியது, பயிற்சி போயிற்று

ஆனால் நமது கதையின் கசப்பான பகுதியையும் சொல்லத்தான் வேண்டும். துன்பகாலம் நீங்கிக் குருமார் தொகை பெருகிய பின்னர், மூப்பருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டிய அவசியம் குறைந்தது. பதவியோ இருந்தது. சில ஊர்களில் அது தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் குடும்பச் சொத்துப் போலாயிற்று. சாதிப் பெருமையும் அதிற் கலந்தது. கொடி ஏற்றுவது யார், சுருபக் கூடு தூக்குவது யார், முன்னிடம் யாருக்கு என்ற வழக்குகளில் ஊர்கள் இரண்டுபட்டன. நோயாளியைச் சந்திக்கும் உரிமை எனக்கே என்று எவரும் வழக்காடியதாக நாம் கேள்விப்படவில்லை!

பணத்தின் கதையும் இப்படித்தான். புனித சவேரியார் முத்துக்குளித்துறையில் ஊருக்கூர் உபதேசியாரை நியமித்தபோது, அவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே என்று பார்த்தார். அங்கிருந்து போர்த்துக்கல் அரசியின் பாதணிச் செலவுக்கென வருடாவருடம் ஒதுக்கப்பட்டிருந்த 4000 பணத்தை உபதேசிமாருக்குத் தரும்படி கேட்டுப் பெற்றுக்கொண்டார். இன்று நம் பங்குகளின் வரவு செலவுக் கணக்கை எடுத்துப் பாருங்கள். சோடனைக்கும் வெடிக்கும் ஒலிபெருக்கிக்கும் தொகை உண்டு. மறைக்கல்வி ஆசிரியரின் பயிற்சிக்கு என்ன உண்டு?

குருமாரின் பயிற்சியைத் திருச்சபை ஒருபோதும் இவ்வாறு கைவிட்டதில்லை. 1563 ஆடி மாதம் திரெந்துப் பொதுச்சங்கம், மறைமாவட்டந்தோறும் குருமடம் வேண்டுமென்று விதித்தது. அதற்குமுன் பலர் ஒரு குருவானவரோடு கூடத் திரிந்து பார்த்துப் பழகியே குருவானார்கள். 1893இல் 13ம் சிங்கராயர் பாப்பரசர், இந்நாடுகளின் மீட்புப் பணியாளர் இந்நாட்டு மக்களாகவே இருக்கவேண்டும் என்ற நோக்கோடு கண்டியிற் பாப்பரசர் குருமடத்தை நிறுவினார். அது 1955இல் பூனாவுக்கு மாற்றப்பட்டது. அவ்வருடமே அம்பிட்டியில் நமது தேசிய குருமடம் தொடங்கிற்று. 1992இல் 2ம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர், குருமாணவரின் உருவாக்கம் மனிதத் தன்மை, ஆன்மிகம், அறிவு, மேய்ப்புப்பணி என்னும் நான்கையும் தழுவவேண்டும் என விளக்கினார்.

ஆக, பீடத்தில் நிற்பவருக்குப் பல வருடப் பயிற்சி. பீடத்துக்கு முன் பொறுப்பேற்று நிற்பவருக்கு ஒரு சனிக்கிழமைக் கருத்தரங்கும் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலும். இந்த இடைவெளியே நம் பங்குகளின் நோய் என்பது எமது அபிப்பிராயம்.

சட்டமும் சங்கமும் கூறுவது

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 கார்த்திகையில் பொதுநிலையினரின் அப்போஸ்தலப் பணி பற்றித் தனி ஏடு ஒன்றையே வெளியிட்டது. அதிற் பயிற்சிக்கென ஓர் அதிகாரம் உண்டு. 1972இல் 6ம் சின்னப்பர் பாப்பரசர் வாசகர் பணியையும் பீடத்துணைவர் பணியையும் பொதுநிலையினருக்குத் திறந்துவிட்டார். 1983ம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, திருச்சபையின் பணியொன்றில் ஈடுபடும் பொதுநிலையினர் அதற்குரிய பயிற்சியைப் பெறக் கடமைப்பட்டவர் என்கின்றது. அதாவது பயிற்சி அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டதன்று. 2021இல் பிரான்சிஸ் பாப்பரசர் வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் உரியதாக்கியதோடு, உபதேசியார் பணியையும் நிலையான திருப்பணியாக நிறுவினார். நம் மறைப்பள்ளிகளைத் தாங்கி நிற்போரிற் பெரும்பாலானோர் பெண்களே என்பதை எண்ணும்போது இது காலந்தாழ்த்தி வந்த நீதி எனலாம்.

2024 ஐப்பசியில் நிறைவுற்ற ஆயர் மாமன்றம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. பொதுநிலையினர், துறவிகள், குருமார், குருமாணவர் யாவரும் சேர்ந்திருந்து பயிற்சி பெறவேண்டும் என்று அது கேட்கின்றது. இதைப் படித்ததும் எமக்கு நினைவில் வந்தது அப்போஸ்தலர் பணி 18ம் அதிகாரம். அப்பொல்லோ பெரிய பேச்சாளர், வேதம் கற்றவர். ஆயினும் அவரறிந்தது முழுமையானதன்று. கூடாரம் தைத்துப் பிழைத்த ஆக்கிலாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாவும் அவரைச் சபைநடுவில் வெட்கப்படுத்தவில்லை. அழைத்துப்போய் விளக்கமாகச் சொல்லிக் கொடுத்தனர். குருமாணவர் ஒருவர், அனுபவமிக்க மறைக்கல்வி ஆசிரியை ஒருவருக்குக் கீழ் ஒரு வருடம் வேலை செய்து பழகினால் என்ன குறைந்துவிடும்?

பழக்குதல் என்பது எப்படி?

மோயீசன் காலை தொடக்கம் மாலைவரை தனியே இருந்து வழக்குத் தீர்த்ததைக் கண்ட மாமனார் எத்திரோ, நீயும் களைப்பாய், சனமும் களைக்கும் என்று கண்டித்து, ஆயிரவர், நூற்றுவர், ஐம்பதின்மர், பதின்மருக்குத் தலைவரை ஏற்படுத்தச் சொன்னார் (யாத்திராகமம் 18). கவனிக்க: முதலில் சட்டங்களை அவர்களுக்குப் படிப்பி என்றார்; பிறகுதான் நியமனம். நாமோ வருடப் பிறப்புக்கு அருட்பணிச் சபையைத் தெரிவுசெய்து, மாலை போட்டு, பயிற்சியை மறந்துவிடுகின்றோம்.

நோயாளர் சந்திப்பை எடுத்துக்கொள்வோம். இதை விரிவுரையாற் கற்பிக்க முடியாது. முதன்முறை குருவானவரோ அனுபவசாலியோ பேச, புதியவர் கூட இருந்து பார்க்கட்டும். இரண்டாம் முறை செபத்தை மட்டும் புதியவர் சொல்லட்டும். மூன்றாம் முறை எல்லாவற்றையும் அவரே செய்ய, மற்றவர் வாய்திறவாது இருக்கட்டும். இந்த வாய்திறவாமைதான் கடினம். குருமாருக்கு மட்டுமன்று, பழைய தலைவர்களுக்கும் கடினம். திரும்பி வரும் வழியில், எங்கே அதிகம் பேசினார், எங்கே நோயாளியைப் பேசவிடவில்லை என்று இருவரும் ஆறுதலாகக் கதைக்கலாம். வாசகர் பயிற்சியும் இவ்வாறே. பூசைக்கு ஐந்து நிமிடம் இருக்கையிற் புத்தகத்தைக் கையிற் கொடுப்பது பயிற்சியன்று. வியாழக்கிழமையே பகுதியைக் கொடுத்து, வெறுங் கோயிலில் ஒருமுறை வாசிக்கச் சொல்லி, பின் வாங்கிலிருந்து ஒருவர் கேட்டுப் பார்க்கவேண்டும்.

நம் நாட்டு நிலையில் மற்றொன்றும் அவசியம். எந்தப் பொறுப்புக்கும் இருவரைப் பழக்குங்கள். ஒருவர் கனடாவுக்கோ பிரான்சுக்கோ போய்விட்டால் பாடகர் குழுவே கலைந்துபோவதை எத்தனை ஊரிற் கண்டோம்! 1995 ஐப்பசி இடப்பெயர்வில் ஒரே இரவிற் பங்குகள் சிதறியதையும் மறக்க முடியாது.

கணக்கு விடயத்திற் பயிற்சியின்றி எவரையும் பொருளாளராக்குவது அவருக்கே செய்யும் தீங்கு. நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் இருந்தேயாக வேண்டும் என்பது சட்டம். கணக்கு எழுதும் முறையை முதலிற் காட்டிக்கொடுத்து, மூன்று மாதத்துக்கொருமுறை கோயிலில் வாசித்தால் அரைவாசிச் சண்டை இல்லாமற் போகும்.

அருட்பணிச் சபைக்கு ஆலோசனை கூறும் உரிமை மாத்திரமே சட்டத்தில் உண்டு. அதனால் அது வீண் என்பாரும் உளர். ஆலோசனை கேட்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். குருவானவர் மாறும்போது புதியவர் முந்தியவரின் ஒழுங்குகளை எல்லாம் கலைத்து மீண்டும் தொடங்குவது நம்மிடையே வழமை. யார் யாருக்கு என்ன பயிற்சி கொடுக்கப்பட்டது என்று ஒரு கொப்பியில் எழுதிவைத்து, பங்குப் பதிவேடுகளோடு கையளிப்பது பெரிய காரியமன்று.

இக்கட்டுரையை அன்பியக் கூட்டத்தில் வாசிப்போர், அப்போஸ்தலர் பணி 6ம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களையும் சேர்த்து வாசிக்கவும். எழுவரைத் தெரிந்தவர் யார், அவர்கள்மீது கைகளை விரித்தவர் யார் என்று பார்க்கவும். பின்னர் ஒரு தாளில் எழுதுங்கள்: மரண ஆபத்திலுள்ள குழந்தைக்கு முறையாக ஞானஸ்நானம் கொடுக்கத் தெரிந்தவர்கள் நம் வட்டாரத்தில் யார் யார்? நள்ளிரவிற் கூப்பிட்டாலும் வந்து செபிக்கக் கூடியவர் யார்? அவர்களில் நாற்பது வயதுக்குக் குறைந்தவர் எத்தனைபேர்? தாளை அடுத்த கூட்டத்துக்குக் குருவானவர் வரும்போது அவரிடம் கொடுக்கலாம்.