ஓடைக்கரையில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்?

2014 ஒகஸ்ட் மாதம் கொரியாவின் தேஜொன் மறைமாவட்டத்தில் ஆறாவது ஆசிய இளைஞர் தினம் நடைபெற்றது. பாப்பரசர் பிரான்சிஸ் நேரில் வந்து கலந்துகொண்ட நாட்கள் அவை. அதற்குச் சென்ற பங்கு இளைஞர் குழு ஒன்றுக்குத் துணையாக நாமும் சென்றிருந்தோம். நிகழ்ச்சிகள் யாவும் முடிந்து பாப்பரசரும் 18 ஆம் திகதி புறப்பட்டுப் போன பின்னர், எமது விமானத்துக்கு இன்னும் இரண்டு நாட்கள் இருந்தன. அந்த இரண்டு நாட்களிலும் தலைநகர் சியோலைச் சுற்றிப் பார்ப்பதெனத் தீர்மானமாயிற்று. அடுத்த உலக இளைஞர் தினம் 2027 இல் அதே சியோலில் நடைபெறும் என்று 2023 இல் லிஸ்பன் நகரில் அறிவிக்கப்பட்டது. இனிப் போகப்போகும் பிள்ளைகளுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் அப்பயணத்தை இம்முறை படிப்பு வட்டத்துக்கு எடுத்துக்கொள்கிறோம்.

முதல் நாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1395 இல் முதன்முதலாகக் கட்டப்பட்ட அரச மாளிகை, மலையுச்சியில் நிற்கும் கோபுரம், துணிச் சந்தை எல்லாவற்றையும் பார்த்தோம். பிள்ளைகள் படம் எடுத்து ஓய்ந்துபோனார்கள். கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அல்லவா, கோபுரத்தில் நின்றுகொண்டு, "இவ்வளவு சனத்துக்கும் அரிசி எங்கேயிருந்து வருகுது?" என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வி எமக்குப் பிடித்திருந்தது.

இரண்டாம் நாள் சொங்கேச்சொன் ஓடைக்குப் போனோம். நகரின் நட்ட நடுவில், தெருமட்டத்திலிருந்து படியிறங்கிப் போனால் தெளிந்த நீர் ஓடுகிறது. மீன்கள் தெரிகின்றன. குறுக்கே கடப்பதற்குக் கற்கள் போட்டிருக்கிறார்கள். வேலை முடிந்து வருவோர் காற்சட்டையை மடித்துவிட்டுக் காலை நனைத்துக்கொண்டிருந்தார்கள். இருபுறமும் வானளாவிய கட்டடங்கள். ஏறத்தாழ 6 கிலோமீற்றர் நீளம். கடும் வெயிலிலும் தண்ணீர் குறையாமல் ஓடியதைப் பார்த்த ஒரு பையன், "பாதர், இந்தத் தண்ணிக்கு ஊற்று எங்கே?" என்று கேட்டான். எமக்கு வழிகாட்டியாக வந்த கொரிய அருட்சகோதரி சிரித்தார். மழைக்காலம் தவிர்ந்த நாட்களில் இந்த ஓடை பெரும்பாலும் வற்றிப்போகும் இயல்புடையதாம். இப்போது ஓடும் நீரிற் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து இயந்திரத்தால் இறைத்து விடப்படுகிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 120,000 தொன். இறைப்பை நிறுத்தினால் ஓடையும் நின்றுவிடும். தோட்டத்துக்கு மண்ணெண்ணெய் வாங்கி இறைத்துப் பழகிய எமது பிள்ளைகள் அதைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஓடையோடு கீழ்நோக்கி நடந்தால் ஓர் அருங்காட்சியகம் வரும். அதன் எதிரே கரையில், பழைய பலகைக் குடிசைகள் சிலவற்றை மாதிரிக்காகத் திரும்பக் கட்டி வைத்திருந்தார்கள். தூண்களில் நின்றபடி தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் குடிசைகள். அங்கேதான் எமது குழுவின் கலகலப்பு அடங்கியது. 2009 இல் செட்டிகுளத்து முகாமில் தறப்பாளின் கீழ் இருந்த பெண்பிள்ளை ஒருத்தி உள்ளே போய், ஒரு மூலையிற் குந்தியிருந்துவிட்டு வெளியே வந்தாள். "இதிலே இருந்த ஆக்கள் இப்ப எங்கே?" என்று மட்டும் கேட்டாள்.

கொரிய யுத்தம் 1950 இல் தொடங்கி 1953 இல் ஓய்ந்தது. யுத்தத்தில் வீடிழந்தவர்களும், வடக்கிலிருந்து ஓடிவந்தவர்களும், பின்னர் பிழைப்புத் தேடிக் கிராமங்களிலிருந்து வந்தவர்களும் இந்த ஓடைக்கரையிற் குடிசை போட்டார்கள். ஓடை சாக்கடையாயிற்று. 1958 இல் அரசாங்கம் அதைக் கொங்கிறீற்றால் மூடத் தொடங்கியது. பின்னர் அதன்மேல் உயர்மட்டப் பெருந்தெரு ஒன்றும் எழுந்தது. அக்காலத்தில் அது முன்னேற்றத்தின் அடையாளம். 2003 இல் அதே தெருவை இடித்து, 2005 ஒக்டோபரில் ஓடையைத் திரும்பத் திறந்தார்கள். அப்போது அது சுற்றாடலின் அடையாளம் ஆயிற்று. மூடியபோது குடிசைக்காரர் போக வேண்டியிருந்தது. திறந்தபோது அவ்விடத்து நடைபாதை வியாபாரிகள் போக வேண்டியிருந்தது. அவ்வியாபாரிகளை ஒரு பழைய விளையாட்டரங்குக்கு மாற்றினார்கள். சில வருடங்களில் அந்த அரங்கையும் இடித்து அங்கே புதுமாதிரியான கட்டடம் ஒன்றைக் கட்ட, அவர்கள் மறுபடியும் பெயர்ந்தார்கள்.

குடிசைவாசிகளை எப்படி அகற்றினார்கள் என்பதை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். 1969 முதல் சியோலின் குடிசைப் பகுதிகளிலிருந்து மக்களை லொறிகளில் ஏற்றி, நகருக்கு வெளியே குவாங்ஜு என்ற மாவட்டத்தில் இறக்கினார்கள். (தெற்கேயுள்ள குவாங்ஜு நகரம் வேறு.) குடும்பத்துக்கு 20 பியொங் காணி என்றார்கள். அது 66 சதுர மீற்றர், எங்கள் கணக்கில் ஏறத்தாழக் கால் பரப்பு. காணிக்குக் கோடு கீறியிருந்தது. தண்ணீர் வசதியில்லை, வேலையில்லை, பழைய வேலைக்குப் போய்வர வாகன வசதியும் போதாது. போதாக்குறைக்கு, சொன்ன விலையை விடப் பன்மடங்கு விலையை ஒரே தடவையிற் கட்டும்படி கடிதம் வந்தது. 1971 ஒகஸ்ட் 10 ஆம் திகதி பல்லாயிரம் பேர் திரண்டு கிளர்ந்தெழுந்தார்கள். அன்றே அரசாங்கம் இறங்கிவந்தது. அந்த இடம் 1973 இல் சொங்னாம் என்ற நகரமாயிற்று.

இதே காலத்தில் வேறொரு காரியமும் நடந்தது. ஜே ஜொங்கு என்ற பல்கலைக்கழக மாணவர் 1972 இல் சொங்கேச்சொன் குடிசைப் பகுதிக்கு வந்து தங்கினார். மறுவருடம் அமெரிக்கரான இயேசு சபைக் குரு ஜோன் டேலி, சொகாங் பல்கலைக்கழகத்திற் கற்பிப்பதை விட்டுவிட்டு அங்கே குடிவந்தார். ஏழைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே அவர்களுக்குத் தொலைவில் வாழ்வது அவருக்குப் பொறுக்கவில்லை. (குருமடத்தில் இதே பாடத்தைப் படித்த எம்மிற் பலருக்கும் அது பொறுத்துப்போகிறது.) அங்கிருந்து குடிசைகள் அகற்றப்பட, இருவரும் பின்னர் யங்பியொங்தொங் என்ற இன்னொரு குடிசைப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1977 இல் அங்கேயும் வெளியேற்றக் கட்டளை வந்தது.

இம்முறை 170 குடும்பங்கள் பிரியாமல் ஒன்றாகப் போவதெனத் தீர்மானித்தன. கர்தினால் ஸ்டீபன் கிம் அவர்களின் துணையுடன் ஜேர்மன் ஆயர்களின் உதவி நிறுவனமான மிசரியோரிடம் கடன் கிடைத்தது. அது நன்கொடையல்ல, கடன் என்பதைக் கவனியுங்கள். சியோலுக்குத் தென்மேற்கே சிஹுங் என்ற நாட்டுப்புறத்திற் காணி வாங்கி, வீடுகளைத் தங்கள் கைகளாலேயே கட்டினார்கள். தங்களுக்குள் கடனுதவிச் சங்கம் ஒன்றையும் தொடங்கினார்கள். கடன் திருப்பிக் கொடுக்கப்பட்டது. கிராமத்துக்கு வைத்த பெயர் பொகும்ஜாரி. எழுதும்போது அதற்கு நற்செய்தி இடம் என்று பொருள். காதாற் கேட்டால் பறவைக் கூடு என்றும் விளங்கும். வெளியேற்றப்பட்ட வேறு குடும்பங்களும் 1979 இலும் 1985 இலும் அருகே வந்து இதே முறையிற் குடியேறின. ஜே ஜொங்குவுக்கும் டேலி அடிகளாருக்கும் 1986 இல் மக்சாய்சாய் விருது வழங்கப்பட்டது. அடிகளார் பிற்காலத்தில் கோயேசான் என்ற கிராமப் பகுதிக்குப் போய்க் கமஞ்செய்து வாழ்ந்தார். நாம் அங்கு போவதற்கு இரண்டு மாதம் முன்னர், 2014 யூனில் காலமானார்.

சிஹுங் வரை போக எமக்கு நேரமிருக்கவில்லை. ஆனால் அக்கிராமத்தின் பெயரை ஒரு கடையிற் கண்டோம். மக்களின் வருமானத்துக்காக அங்கே தொடங்கிய பழப்பாகுத் தொழில் நன்றாக வளர்ந்து, கடைசியில் ஒரு பெரிய உணவுக் கம்பனியின் கைக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் போத்தலில் இருக்கிறது. பிள்ளைகள் ஸ்ரோபெரிப் பாகு ஒரு போத்தல் வாங்கினார்கள்.

மாலையில் மியொங்தொங் பேராலயத்துக்கு ஏறினோம். 1898 இல் அபிஷேகஞ் செய்யப்பட்ட செங்கல் ஆலயம். கீழே தெருவெல்லாம் அழகுசாதனக் கடைகள். 1988 ஒலிம்பிக் போட்டிக்காக நகரை அழகாக்கிய வேளையில் சங்கேதொங் என்ற இடத்து வீடுகள் இடிக்கப்பட்டன. அம்மக்கள் 1987 இல் இந்த ஆலய வளவிற் கூடாரமடித்து இருந்தார்கள். அவ்வருடம் யூன் மாதம் சனநாயகம் கேட்டுப் போராடிய மாணவர்கள் பொலிசாருக்குத் தப்பி இவ்வளவுக்குள் வந்தபோது, அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தவர்கள் வீடில்லாத இந்தக் கூடாரத்துப் பெண்கள்தான். பின்னர் இக்குடும்பங்கள் புச்சொன் என்ற இடத்துக்குப் போயின. ஒலிம்பிக் தீபம் போகும் பாதையோரத்திற் குடிசைகள் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று அங்கேயும் கட்ட விடவில்லை. நிலத்தைத் தோண்டிக் குழிக்குள் இருந்தார்கள். தீபம் அவ்வழியாற் போனது.

ஊர் திரும்பிய பின் இளைஞர்கள் இதையெல்லாம் படங்களுடன் எமது மாதாந்தக் கூட்டத்திற் சொன்னார்கள். கோபுரத்தையும் மாளிகையையும் சனம் பேசாமற் பார்த்தது. 170 குடும்பங்களின் கதை வந்ததும் கேள்விகள் கிளம்பின. உங்கள் குழுவிலும் அவற்றைப் பேசிப் பாருங்கள். காணி உறுதி யாருடைய பெயரில் எழுதப்பட்டது, கடன் தவணை கட்ட முடியாத வீட்டுக்கு மற்றவர்கள் என்ன செய்தார்கள், கிணறு முதலா வீடு முதலா, பாகுத் தொழில் கைமாறியபோது தொடங்கியவர்களுக்கு அதில் ஒரு சொல் இருந்ததா. எல்லாவற்றுக்கும் எம்மிடம் பதில் இருக்கவில்லை.

பின்வரிசையில் இருந்த ஐயா ஒருவர், முந்தி வெங்காயம் செய்தவர், இப்போது மகளின் வளவில் இருப்பவர், எழும்பினார். "அவையள் ஒன்றாய்ப் போனவை எண்டால், ஆர் ஆர் எங்கே இருக்கினம் எண்டு அவைக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கட ஒழுங்கையிலே இருந்த ஆக்கள் இப்ப எங்கே எண்டு உங்களில் ஆருக்குத் தெரியும்?" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவர் ஒரு பள்ளிக் கொப்பியுடன் வந்தார். ஒழுங்கை ஒழுங்கையாக வீடுகளுக்குக் கோடு கீறி, குடும்பத் தலைவரின் பெயரும் இப்போதிருக்கும் இடமும் எழுத இடம் விட்டிருந்தது. பாகுப் போத்தலைச் சுற்றி நின்ற பிள்ளைகளைக் கூப்பிட்டு, தாய் தகப்பனைக் கேட்டு நிரப்பும்படி கொடுத்தார். கொப்பி இப்போது அவரிடம் இருக்கிறது. மூன்று வீடுகளுக்கு எதிரே மட்டும் இன்னும் ஒன்றும் எழுதப்படவில்லை.