செல்லோவும் ஜாஸும் ஒரே மேடையில்

மேனாட்டு இசைக்கருவிகளுள் மனிதக் குரலுக்கு மிக நெருங்கியது எது என்று இசை பயில்வோரைக் கேட்டால், பெரும்பாலோர் செல்லோவையே சுட்டிக் காட்டுவர். ஆண்களின் கனத்த குரலும் பெண்களின் மென்குரலும் அதன் நான்கு தந்திகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அத்தகைய செல்லோ, டிரம்ஸ் அதிரும் ஜாஸ் குழுவின் நடுவே அமர்ந்தால் என்ன ஆகும்? இதனை அறியும் ஆவலில், பிரெஞ்சு இசையமைப்பாளர் கிளாட் போலிங் எழுதி 1984-இல் இசைத்தட்டாக வெளிவந்த ஒரு படைப்பை எங்கள் இசை வகுப்பில் பன்முறை கேட்டோம். ‘செல்லோவுக்கும் ஜாஸ் பியானோ மூவர் குழுவுக்குமான தொகுப்பு’ என்பது அதன் பெயர். அதில் செல்லோ வாசித்தவர் யோ-யோ மா; பியானோ வாசித்தவர் போலிங்கே.

முதலில் செல்லோவைப் பார்ப்போம். வயலன்செல்லோ என்பதே இதன் முழுப்பெயர். வயலின் குடும்பத்தைச் சேர்ந்த இதன் நீளம் ஏறத்தாழ 120 சென்டிமீட்டர். ஆதலால் தோளில் தாங்க இயலாது. நாற்காலியில் அமர்ந்து, முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி, அடியிலுள்ள முனையைத் தரையில் ஊன்றி வாசிக்க வேண்டும். இப்படி அமர்வது பெண்களுக்கு அழகன்று என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் எண்ணினார்கள். அதனால் சில பெண்கள் கால்கள் இரண்டையும் ஒரு பக்கமாகவே வைத்துக்கொண்டு, உடலைத் திருகி வாசித்தனராம்! எவ்வளவு வருத்தம் தந்திருக்கும்! அக்காலத்திலும் லிசா கிறிஸ்தியானி என்ற பிரெஞ்சுப் பெண்மணி மேடையேறிப் புகழ் பெற்றார். மெண்டல்சன் தம் படைப்பு ஒன்றை அவருக்குக் காணிக்கையாக்கினார். இருபத்தைந்து வயதில், 1853-இல், கிறிஸ்தியானி மறைந்தார். இன்று பெண்கள் தடையின்றி நேராக அமர்ந்து வாசிப்பதைக் காணும்போது அவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

செல்லோவுக்கென்றே பாக் எழுதிய ஆறு தனித் தொகுப்புகள் உண்டு. உடன் வாசிப்பவர் எவருமின்றி ஒரே கருவி ஓர் அரங்கத்தை ஆளும் இசை அது. செல்லோ கலைஞர் ஒவ்வொருவரும் அவற்றை வாழ்நாள் முழுவதும் பயில்கின்றனர். பல நூற்றாண்டுகளாகத் தாளில் எழுதப்பட்ட சுரங்களை வழுவாமல் காப்பதே இந்த மரபின் பெருமை.

ஜாஸோ வேறொரு வழியில் வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்த்த இசை அது. வயலில் பாடிய வேலைப்பாட்டு, ஆலயத்தில் பாடிய பக்திப்பாடல், பித்தளைக் கருவிகளின் அணிவகுப்பு இசை ஆகிய எல்லாம் அதில் கலந்தன. வேதனை தரும் செய்தி ஒன்றும் உண்டு: இவ்விசையைப் படைத்தவர்கள் கறுப்பின மக்களாயிருக்க, ஜாஸின் முதல் இசைத்தட்டு 1917-இல் வெள்ளையர் ஐவர் அடங்கிய குழுவின் பெயரிலேயே வெளிவந்தது.

ஜாஸில் ஒரு மெட்டு சிறு குறிப்பாக இருந்தால் போதும்; மற்றதைக் கலைஞர் அந்த நொடியில் கற்பனையாக விரித்து வாசிப்பார். நம் கச்சேரிகளில் கற்பனைச் சுரம் கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூவர் குழு என்பது பெரும்பாலும் பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ் ஆகிய மூன்றுமாகும். டபுள் பேஸ் செல்லோவைவிடப் பெரியது. நின்றுகொண்டு விரலால் மீட்டுவார்கள். அது நடந்து செல்வது போல் அடியடியாக வைத்துச் செல்லும் சுரங்களின்மேல்தான் மற்ற இருவரும் நிற்கிறார்கள்.

செல்லோ ஜாஸுக்குள் நுழைந்தது போலிங் காலத்தில் அன்று. ஆஸ்கார் பெட்டிஃபோர்டு என்ற டபுள் பேஸ் கலைஞர் 1949-இல் பேஸ்பால் ஆடிக் கை முறிந்து கிடந்தபோது, பெரிய கருவியைக் கையாள இயலாமல் செல்லோவை எடுத்து, அதன் தந்திகளை டபுள் பேஸ் முறைப்படி சுருதி கூட்டி, விரலால் மீட்டத் தொடங்கினார். பின்னர் 1955-இல் அமைந்த சிக்கோ ஹாமில்டன் ஐவர் குழுவில் ஃபிரெட் காட்ஸ் வில்கொண்டே செல்லோ வாசித்தார். எங்களுக்கு வியப்பளித்தவர் பெட்டிஃபோர்டுதான். கை முறிந்த மனிதர் ஓய்வெடுக்காமல் வேறு கருவியைத் தேடியிருக்கிறாரே!

போலிங் 1930-இல் கான் நகரில் பிறந்தவர். டியூக் எலிங்டனின் இசையில் பெரும் பற்றுக்கொண்டவர். நூற்றுக்கு மேற்பட்ட திரைப்படங்களுக்கு இசை அமைத்தவர். புல்லாங்குழல் மேதை ழான்-பியர் ராம்பாலுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஜாஸ் தொகுப்பு 1975-இல் வெளிவந்து, அமெரிக்காவில் பல ஆண்டுகள் விற்பனைப் பட்டியலில் நிலைத்திருந்தது. செல்லோத் தொகுப்பு அதற்குப் பின் வந்தது. பாரிஸில் சீனப் பெற்றோருக்கு 1955-இல் பிறந்து, ஏழு வயதிலேயே அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் முன்னிலையில் வாசித்த யோ-யோ மா அதற்கு ஏற்றவராக அமைந்தார்.

இங்கே போலிங் செய்த ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். செல்லோ கலைஞரை நோக்கி, ‘நீரும் ஜாஸ் கலைஞராக மாறும்’ என்று அவர் கேட்கவில்லை. செல்லோவின் பகுதியைச் செவ்வியல் முறையில் எழுதிக் கொடுத்துவிட்டார். முதற்பகுதிக்கு ‘தாளத்தில் பரோக்’ என்னும் பொருள்படப் பெயரிட்டு, பாக் காலத்து நடையைச் செல்லோவுக்கு அளித்து, அதன் பக்கத்தில் மூவரையும் ஜாஸ் நடையில் செல்லவிட்டார். இருவரும் தத்தம் மொழியில் பேசுகிறார்கள். ஆனால் ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டுத்தான் பதில் சொல்கிறார்.

கேட்பதற்கு எளிதாயிருக்கும் இதில் இடர்ப்பாடுகள் பல. செல்லோவின் மிகக் கீழான சுரம் நொடிக்கு ஏறத்தாழ 65 அதிர்வுகள் கொண்டது. டபுள் பேஸ் 41 வரை இறங்கும். பியானோவின் இடக்கையும் அதே பகுதியில் உலவுகிறது. மூன்றும் ஒருங்கே கீழே இறங்கினால் ஒலி குழம்பிவிடும். ஆகையால் இத்தகைய இசையில் செல்லோ பெரும்பாலும் மேல் தந்தியில் பாட வேண்டும். அது கீழே இறங்குகையில் மற்றவர்கள் அடங்க வேண்டும். டிரம்ஸ் வாசிப்பவர் கோல்களை வைத்துவிட்டுக் கம்பித் தூரிகையால் தோலை மெல்லத் தேய்ப்பதும் இதற்காகவே.

இன்னொரு இடர் தாளத்தில் உள்ளது. தாளில் இரு சுரங்கள் சம அளவினவாக எழுதப்பட்டிருக்கும். செவ்வியல் கலைஞர் அவற்றைச் சமமாகவே வாசிப்பார். ஜாஸ் கலைஞரோ முதலாவதை நீட்டி, இரண்டாவதைக் குறுக்கி, ஊஞ்சல் போல் ஆட்டுவார். நீட்டும் அளவும் ஒன்றுபோல் இராது. மெதுவான நடையில் மிகுதியாகவும், விரைவு கூடக்கூடக் குறைவாகவும் இருக்கும். இதைத் தாளில் எழுதிக் காட்ட வழியில்லை. காதால்தான் பிடிக்க வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. சுருதி, தாளம் எல்லாம் எழுதி வைத்துப் பயிலும் ஒரு கலைஞரை ஜாஸ் குழுவின் நடுவில் உட்கார வைப்பது, அவரை விருந்தாளியாகவே வைத்திருப்பதாகும் என்றனர் சிலர். கற்பனைக்கு இடமின்றி எழுதியதை மட்டும் வாசிப்பவர் ஜாஸில் கலந்ததாகாது என்பது அவர்கள் வாதம். மற்றவர்களோ, எங்களுள் பியானோ தேர்வுக்குப் படிப்போரைக் காட்டி, “புத்தகத்தை மூடினால் கை நின்றுவிடுகிறதே, அவர்கள் என்றைக்குமே ஜாஸ் பக்கம் போகக் கூடாதா?” என்று கேட்டனர். எழுதிய பகுதியோடு உள்ளே வந்து, பக்கத்தில் இருப்பவரின் ஆட்டத்தைக் கேட்டுக் கேட்டுத் தன் வில்லைத் தளர்த்திக்கொள்ளலாம் அல்லவா?

எங்களுள் பலர் இரண்டாம் பக்கமே சாய்ந்தோம். ஆயினும் முதல் தரப்பார் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. தொகுப்பின் சில இடங்களில் இனிமை அளவுக்கு மிஞ்சிவிடுகிறது. கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டே இருப்பதைப் போலத் தோன்றுகிறது. பாக்கின் தனித் தொகுப்புகளிலுள்ள தனிமையும் இங்கில்லை. நியூ ஆர்லியன்ஸ் மக்களின் துயரமும் இங்கில்லை. ஆனால் ‘பாலட்’ என்னும் மெதுவான பகுதியைக் கேட்டபோது, வாதிட்ட இரு தரப்பாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்பதையும் எழுதியாக வேண்டும்.

போலிங் 2020 டிசம்பர் 29-ஆம் நாள் தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். அவருடைய தொகுப்பை இனிக் கேட்கப்போகும் தோழியர், முதல் முறை செல்லோவையே பின்தொடர்ந்து கேளுங்கள். இரண்டாம் முறை அதனை மறந்துவிட்டு, டபுள் பேஸின் அடிகளை மட்டும் எண்ணிக்கொண்டு வாருங்கள். செல்லோ எப்பொழுது அந்த அடியோடு சேர்ந்து நடக்கிறது, எப்பொழுது விலகுகிறது என்பது மூன்றாம் முறை தானாகவே காதில் விழும்.