நிலவாகைப் பொடி: ஒரு ஸ்பூன் ஏன் அதிகம்?

நத்தம் பேருந்து நிலையத்தை ஒட்டி மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கல்லாவில் உட்கார்ந்தால் அதிகம் காதில் விழுவது மூட்டுவலி, அடுத்தது மலக்கட்டு. மூட்டுவலிக்கு மாத்திரை கேட்பவர்கள் மலக்கட்டுக்கு என்னிடம் எதுவும் கேட்பதில்லை. நாட்டு மருந்துக் கடையில் நிலவாகைப் பொடி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் பிரஷர் மாத்திரைக்கு என் கடைக்கு வருகிறார்கள். "தினமும் ராத்திரி ஒரு ஸ்பூன், காலையில வயிறு சுத்தம்" என்று எனக்கும் சிபாரிசு செய்கிறவர்கள் உண்டு.

இந்த இலை மீது எனக்கு மரியாதை உண்டு. நிலாவாரை என்றும் சொல்வோம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து மானாவாரி நிலத்தில் விளைந்து, கப்பலேறி, உலகச் சந்தையில் ‘திருநெல்வேலி சென்னா’ என்றே பெயர் வாங்கிய இலை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இடம் பெற்றிருக்கிறது. வேலை செய்யும் மருந்து என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். வேலை செய்யும் எந்த மருந்துக்கும் அளவும் கெடுவும் உண்டு என்பதைத்தான் நம் ஊரில் விட்டுவிட்டோம்.

செந்துறைப் பக்கமிருந்து வரும் ஒரு பெரியம்மா, புளி உடைக்கும் வேலைக்குப் போகிறவர். ஒருநாள் படியேறி வந்தவர் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்றார். சத்து ஊசி போடச் சொல்லி வீட்டில் அனுப்பியிருந்தார்கள். அவர் சாப்பிடும் பிரஷர் மாத்திரை உடம்பின் உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் வகை என்பது எனக்குத் தெரியும்.

"வேற என்ன சாப்பிடுறீங்க பெரியம்மா?"

"ஒண்ணுமில்லப்பா. நிலவாகப் பொடி மட்டுந்தான். அது இலதானப்பா, மருந்தா?"

எத்தனை நாளாக என்று கேட்டேன். மூத்த பேத்தி பள்ளிக்கூடம் சேர்ந்த வருசத்திலிருந்து என்றார். பேத்தி அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். உடனே மருத்துவரிடம் அனுப்பினேன். ரத்தத்தில் பொட்டாசியம் 3.5-க்குக் குறையக் கூடாது. அவருக்கு 3-க்கும் கீழே இருந்தது. மதுரையில் சில நாள் படுத்துச் சிகிச்சை எடுத்துத் திரும்பினார்.

அவருடைய உடம்பில் நடந்ததை விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் இதேதான் நடக்கிறது. நிலவாகையில் உள்ள சென்னோசைடு என்ற சத்து பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைக்கின்றன. அப்படி உடைந்து வரும் பொருள் குடல் தசையைத் தூண்டி, நீரை உள்ளே தங்கவைத்து மலத்தை இளக்கித் தள்ளுகிறது. அந்த நீரோடு பொட்டாசியமும் போகிறது. நீர் பிரிக்கும் பிரஷர் மாத்திரை இன்னொரு வழியில் அதையே வெளியேற்றுகிறது. பொட்டாசியம் குறைந்தால் தசை தளரும், இதயத் துடிப்பு தடுமாறும். குடலும் தசைதான், அதுவும் மந்தமாகும். மந்தமானால் மலம் கட்டும். மலம் கட்டினால் இன்னொரு ஸ்பூன். இதயத்துக்கு டிகாக்சின் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்து.

அளவுக்கு வருகிறேன். வயது வந்தவருக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் சென்னோசைடு வரைதான் என்பது ஐரோப்பிய மருந்து முகமையின் வரம்பு. தரமான இலையில் குறைந்தது 2.5 சதவீதம் இந்தச் சத்து இருக்கும், அதாவது ஒரு கிராம் பொடியில் 25 மில்லிகிராம். கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன்: டீஸ்பூனில் தலை தட்டி எடுத்தால் சுமார் 2 கிராம், நம் வீடுகளில் எடுப்பதுபோல் குவித்து எடுத்தால் 3 கிராமைத் தாண்டுகிறது. அப்படியானால் ஒவ்வொரு இரவும் வரம்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உள்ளே போகிறது. சித்த மருத்துவர் தரும் நிலவாகைச் சூரணத்தில் சுக்கு, ஓமம் எல்லாம் சேர்வதால் இலை ஒரு பங்குதான். கடையில் கிடைக்கும் தனிப்பொடி முழுக்க இலை. இரண்டுக்கும் ஒரே ஸ்பூன் கணக்கு பொருந்தாது.

நேரத்திலும் தவறு நடக்கிறது. இது வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். காலையில் சாப்பிட்டுவிட்டு, மதியம்வரை ஒன்றும் நடக்கவில்லையே என்று இன்னொரு ஸ்பூன் போட்டுக்கொள்கிறவர்கள் ராத்திரி முழுக்கப் பேதியோடு அல்லாடுகிறார்கள். இரவு படுக்கும்போது ஒருமுறை, அவ்வளவுதான். அடுத்த நாள் வெளிக்குப் போகாவிட்டாலும் பயப்பட வேண்டாம். குடல் முழுதாகக் காலியானபின் மறுபடி நிரம்ப இரண்டு மூன்று நாள் பிடிக்கும். வாரத்துக்கு மூன்று முறை போனால்கூட அது இயல்புக்கு உட்பட்டதே. தினசரிப் பழக்கமாக மாறுவது இந்த இடத்தில்தான் என்பது என் அனுபவம்: காலியான குடலை மலக்கட்டு என்று நினைத்து மறுபடி மருந்து போடுகிறார்கள்.

கெடு ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். அதற்கு மேல் தேவைப்பட்டால் காரணத்தைத் தேட வேண்டும். இதைச் சொன்னால், சித்தர்கள் கொடுத்ததை இங்கிலீஷ் மருந்துக்கடைக்காரன் குறை சொல்கிறான் என்று சிலர் நினைக்கிறார்கள். தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதியில் பேதி மருந்து நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் சொல்லப்பட்டிருக்கிறது. தினமும் பேதிக்குச் சாப்பிடச் சொல்லி நம் மரபும் சொல்லவில்லை.

காரணம் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கட்டும். சில வலி மாத்திரைகளும் கட்டும். தைராய்டு குறைந்தாலும், சர்க்கரை நோய் முற்றினாலும் கட்டும். நத்தத்தில் இன்னொரு காரணமும் உண்டு. புளிக் கொட்டகையிலும் ரெடிமேட் சட்டை தைக்கும் இடங்களிலும் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெண்கள் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. கழிப்பறை வசதி இல்லாததால் பயந்து அடக்குகிறார்கள். இதற்குப் பொடியால் தீர்வு கிடையாது. வேலை கொடுப்பவர்கள் ஒரு நல்ல கழிப்பறை கட்டித் தந்தால் என் கடைக்கும் பக்கத்து நாட்டு மருந்துக் கடைக்கும் வரும் கூட்டம் குறையும். குறையட்டும்.

ஐம்பது வயதுக்கு மேல் திடீரென மலப்பழக்கம் மாறினால், ரத்தம் வந்தால், எடை குறைந்தால், பொடியைத் தொடாமல் மருத்துவரைப் பாருங்கள். பெருங்குடல் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்வது முக்கியம். வயிற்றுவலியோடு வாந்தி இருந்தால் பேதி மருந்தே கூடாது. குடல்வால் அழற்சியோ குடல் அடைப்போ இருந்தால் நிலைமை மோசமாகும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

பொட்டலத்தைத் தவிர வேறு வழியிலும் இந்த இலை வீட்டுக்குள் வருகிறது. வயிற்றைச் சுத்தம் செய்யும் சூரண டப்பாக்கள் பலவற்றிலும், உடல் இளைக்க விற்கும் சில தேநீர்ப் பைகளிலும் இருப்பது இதுவே. லேபிளில் சென்னா, சோனாமுகி, ஸ்வர்ணபத்ரி, மார்கண்டிகா என எப்படி எழுதியிருந்தாலும் நிலவாகைதான். தேநீரால் எடை குறைந்ததாகத் தெரிவது போன நீர்தான், கொழுப்பு குறைவதில்லை. பொடி, டப்பா, தேநீர் மூன்றையும் ஒரே ஆள் எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பல வருடம் சாப்பிட்டவர்கள் ஒரேயடியாக நிறுத்தினால் முதல் சில வாரம் சிரமமாக இருக்கும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். கூடவே கீரை, அவரை, கொய்யா என நார்ச்சத்தைக் கூட்டி, இசப்கோலும் தண்ணீரும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீண்டநாள் உபயோகத்தால் பெருங்குடலின் உட்சுவர் கறுத்துப்போயிருந்தாலும் நிறுத்திய பின் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் அது மறைந்துவிடும். அந்தப் பெரியம்மா மெல்ல மெல்லக் குறைத்து விட்டுவிட்டார். இப்போது வேலைக்குத் தண்ணீர்ப் பாட்டிலோடு போகிறார்.

மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டையோடு நாட்டு மருந்துப் பொட்டலத்தையும் எடுத்துப் போங்கள். எந்த மருந்தாலாவது கோளாறு வந்ததாகச் சந்தேகம் இருந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம். நாட்டு மருந்து என்பதால் தயங்க வேண்டாம்.