புதிய தலைவரின் முதல் வேலை

கேள்வி: காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்குத் தலைவராகத் தேர்வாகியிருக்கிறேன். சங்கத்தை நவீனமாக்க எங்கே தொடங்கலாம்?

பதில்: கணக்கில் தொடங்குங்கள். பட்டும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுத்த நாள், சேலை வந்த நாள், கூலி, பிடித்தம் எல்லாம் அந்தந்த நெசவாளரின் கைபேசிக்குப் போகட்டும். இணைய விற்பனையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்தவருக்கே அதைப் பயன்படுத்தும் உரிமை. உறுப்பினர்களைப் பதிவு செய்ய வைப்பது உங்கள் பொறுப்பு.

கோர்வையில் மட்டும் கை வைக்காதீர்கள். உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து செய்யும் வேலை அது. காஞ்சிச் சேலையின் பெருமையே அதுதான். அந்தத் துணையாளுக்கும் சங்கமே நேரடியாகக் கூலி தர, முதல் பொதுக்குழுவிலேயே தீர்மானம் கொண்டு வாருங்கள்.