காக்கையும் அதன் மலைநாட்டுச் சுற்றமும்

காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்திலே விடியற்காலையில் வலைகள் உதறப்படும்பொழுது, படகின் விளிம்பிலும் மீன்கூடையின் ஓரத்திலும் வந்தமரும் காக்கையை அறியாதார் இலர். இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூரைக் கடந்து எண்ணூர் வரையில், ஆலைப் புகைக்கும் லாரிகளின் இரைச்சலுக்கும் அஞ்சாது வாழும் பறவை அது. எனினும், இக்கரும்பறவையின் சுற்றத்துள் கண்ணைக் கவரும் வண்ணமுடையனவும் உள என்பதைப் பலர் அறியார்.

காக்கைக் குடும்பத்தில் 120-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. சென்னைக் கிண்டி வனத்தில் காணலாகும் செம்பழுப்பு நிற வால்காக்கையும், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கே உரிய வெண்வயிற்று வால்காக்கையும், இமயமலைச் சாரல்களில் நெடிய வாலுடன் திரியும் நீலப் பறவைகளும் இக்குடும்பத்தனவே. அந்நீலப் பறவைகளின் நெருங்கிய இனமொன்று இலங்கையில் மட்டுமே வாழ்கின்றது. சிங்களர் அதனைக் கெஹிபெல்லா என்பர். நாம் இலங்கை நீல வால்காக்கை எனலாம். 1829-ஆம் ஆண்டில் வாக்லர் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதனை விவரித்து, 'அணிசெய்யப்பெற்றது' எனப் பொருள்படும் 'ஆர்னாட்டா' என்ற பெயரை அளித்தார்.

அப்பெயர் மிகையன்று. உடல் நல்ல நீலம். தலையும் கழுத்தும் சிறகின் பெரிய இறகுகளும் செம்பழுப்பு. அலகும் கால்களும் கண்ணைச் சூழ்ந்த வளையமும் செந்நிறம். படிப்படியாய் நீண்ட வாலிறகுகளின் நுனியோ வெண்மை. நீளம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். தவளை, பல்லி, புழு பூச்சிகள், பழங்கள் ஆகியன இதன் உணவு. சிறு குழுக்களாக மரச்செறிவினுள் இரை தேடும். குச்சிகளால் கூடமைத்து 3 முதல் 5 முட்டைகள் வரை இடும். பெற்றோரன்றிக் குழுவிலுள்ள பிற பறவைகளும் குஞ்சுகளுக்கு இரையூட்டுதல் இவ்வினத்தின் சிறந்த குணமாகும்.

இனி, இவ்விரு சுற்றத்தாரின் வாழ்க்கையை ஒப்பிட்டு நோக்குவோம். ஊர்க்காக்கை எதனையும் உண்ணும். மனிதன் செல்லுமிடமெல்லாம் தானும் செல்லும். 1994-இல் நெதர்லாந்து நாட்டின் ஹூக் வான் ஹாலந்து துறைமுகத்தில் இரு ஊர்க்காக்கைகள் காணப்பட்டன. அவை கப்பலேறி வந்தன என்றே பறவை நூலார் கருதுவர். துறைமுகத்தில் வளர்ந்த பறவைக்குக் கடலும் வழியாயிற்று. நீல வால்காக்கையோ மரக்கிளைகளினூடே விரைந்து திரிய வல்லதாயினும், நெடுந்தூரம் பறக்கும் ஆற்றல் குன்றியது. மழைவளம் மிக்க தென்மேற்கு இலங்கையின் அடர்ந்த காடே அதன் உலகம். அக்காட்டை விட்டு அதற்குப் புகலிடம் இல்லை.

அக்காடு குறைந்த வரலாற்றில் தமிழருக்கும் தொடர்புண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கை மலைகளில் காடுகள் அழிக்கப்பட்டுக் காப்பித் தோட்டங்கள் இடப்பட்டன. 1869-இல் தோன்றிய இலைத்துரு நோயால் காப்பி நலிவுற, தேயிலை அவ்விடத்தைக் கொண்டது. ஆங்கு உழைத்தோர் பெரும்பாலும் தமிழகத்தினின்று சென்ற ஏழைத் தொழிலாளர். ஆதாயமும் ஆணையும் பிறருடையன, வியர்வையே நம்மவருடையது. எஞ்சிய காடுகளுள் சிங்கராஜ வனம் 1988-இல் உலகப் பாரம்பரியக் களமாக ஏற்கப்பட்டது. ஆயினும், இப்பறவை இன்றும் அழிவை எதிர்நோக்கும் இனங்களின் வரிசையிலேயே வைக்கப்பட்டுள்ளது.

இதனால் மாணவர் அறியத்தக்கது யாது? நம் துறைமுகத்தில் காக்கைகள் நிறைந்திருத்தலைக் கண்டு, பறவைக் குலம் யாவும் நலமே உள்ளது என முடிவு செய்தல் பிழையாகும். எங்கும் வாழவல்ல ஒன்றைக் கொண்டு, ஓரிடத்தையே நம்பி வாழும் மற்றொன்றின் நிலையை அளத்தல் இயலாது. காட்டின் நலத்தை அறிய விரும்புவோர், அக்காட்டையன்றிப் பிறிதொரு வீடில்லாத உயிர்களையே முதலிற் கணக்கெடுத்தல் வேண்டும்.