ரீகர்வ் வில்லில் எய்யும் முறை: முக்கியக் குறிப்புகள்

• ரீகர்வ் வில்லின் இரு நுனிகளும் எய்பவருக்கு எதிர்ப்புறமாக வளைந்திருக்கும். 1972 மியூனிக் முதல் 2024 பாரிஸ் வரை ஒலிம்பிக் வில்வித்தையில் இந்த வில் மட்டுமே. 2028 லாஸ் ஏஞ்சலிஸில் காம்பவுண்டு என்னும் மற்றொரு வகை வில்லுக்கான கலப்பு அணிப் போட்டியும் சேர்கிறது.

• தூரம் 70 மீ; இலக்குத் தாளின் விட்டம் 122 செ.மீ.; 10 புள்ளி வட்டம் 12.2 செ.மீ. காம்பவுண்டுக்கு 50 மீ, 80 செ.மீ.

• நிற்றல்: எய்யும் கோட்டுக்கு இருபுறமும் ஒவ்வொரு கால், தோள் அகல இடைவெளி. வலக்கைக்காரருக்கு இடத்தோள் இலக்கைப் பார்க்கும்.

• வில்லை இறுகப் பிடிப்பதில்லை. அழுத்தம் கட்டைவிரலின் அடிமேட்டில் விழும், விரல்கள் தளர்ந்திருக்கும். எய்ததும் வில் கீழே விழாமல் விரலில் கட்டிய கயிறு தாங்கிக்கொள்ளும். முழங்கையை வெளிப்புறமாகத் திருப்பாவிட்டால் நாண் முன்கையைப் பதம் பார்க்கும்.

• நாணில் ஆள்காட்டி விரல் அம்புக்கு மேலே. நடுவிரலும் மோதிர விரலும் கீழே.

• ஆங்கர்: இழுத்த கை தாடை எலும்பின் அடியில் பதியும், நாண் முகவாயையும் மூக்கு நுனியையும் தொடும். காம்பவுண்டில் இருப்பதுபோல நாணில் குறித்துளை பொருத்த ரீகர்வில் அனுமதியில்லை. அந்தத் துளையின் வேலையை முகம்தான் செய்கிறது. நாண் படும் இடம் சற்று மாறினாலும் அம்பு விலகும்.

• கிளிக்கர்: இதை நன்றாகப் படித்துவையுங்கள். வில்லின் நடுப்பகுதியில் பொருத்திய மெல்லிய தகடு; அம்பு அதன் அடியில் செல்லும். போதுமான அளவு இழுத்ததும் அம்பு முனை தகட்டைத் தாண்டும், ‘கிளிக்’ சத்தம் வரும், அப்போதுதான் விட வேண்டும். ஒவ்வோர் அம்பும் ஒரே நீளத்துக்கு இழுபடுவதால் ஒரே விசையில் பறக்கிறது. கடைசிச் சில மில்லிமீட்டரைக் கை இழுப்பதில்லை. தோள்பட்டை எலும்பைச் சுற்றியுள்ள முதுகுத் தசைகள் இழுக்கும். காம்பவுண்டில் முழுதாக இழுத்ததும் பளு குறைந்துவிடும். ரீகர்வில் அந்தச் சலுகை கிடையாது.

• விடுதல்: விரல்களை விரிப்பது தவறு. தளர்த்தினால் போதும், நாண் தானே நழுவும். கை கழுத்தை ஒட்டிப் பின்னால் போகும்.

• அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடக் கூடாது. விசை முழுதும் வில்லிலேயே இறங்கி அது உடையலாம்.

• தனிநபர் ஆட்டம்: செட்டுக்கு 3 அம்புகள், அம்புக்கு 20 வினாடி, வெற்றிக்கு 2, சமனுக்கு 1 புள்ளி. முதலில் 6 எடுப்பவர் வெல்வார். 5-5 என்றால் ஆளுக்கு ஓர் அம்பு. பாரிஸ் 2024 ஆடவர் இறுதியில் அந்த அம்பிலும் இருவருக்கும் 10, மையத்துக்கு 4.9 மி.மீ. கூடுதல் நெருக்கத்தில் எய்த தென்கொரியாவின் கிம் வூஜின், அமெரிக்காவின் பிராடி எலிசனை வென்றார்.