வானில் பறப்போர்க்குத் தரையில் பயிற்சி



விளையாட்டு விழா ஒத்திகையின்போது அணிவகுப்பில் மூன்றாம் வரிசையில் நின்ற ஒரு மாணவி திடீரென்று மயங்கி விழுந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வெயில் என்றார்கள் சிலர். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள் என்றார்கள் சிலர். சிஸ்டர் ஓடிவந்து அவளை நிழலில் படுக்க வைத்து, கால்களைத் தூக்கி ஒரு நாற்காலியின் மேல் வைத்தார்கள். இரண்டு நிமிடத்தில் கண் விழித்தவள், சினிமாவில் வருவதுபோலவே "நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்க, பயந்து நின்ற எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அன்று மாலை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மைதானத்தில் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். "டீச்சர், நான் போர் விமானம் ஓட்ட ஆசைப்படுகிறேன். ஆனால் எங்கள் மாமா, பள்ளிக்கூட மைதானத்தில் அரைமணி நேரம் நிற்க முடியாத பிள்ளைகளா விமானம் ஓட்டப் போகிறீர்கள் என்று கேலி செய்கிறார். நிஜமாகவே பெண்கள் உடம்பு தாங்காதா, டீச்சர்?" என்றாள்.

அந்த மாமா தம்மை அறியாமலே நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டார். மைதானத்தில் மயங்கி விழுவதும் போர் விமானி வானத்தில் நினைவிழப்பதும் அடிப்படையில் ஒரே சங்கதிதான். இரண்டிலும் இரத்தம் காலில் தங்கிவிடுகிறது, மூளைக்குப் போதவில்லை. அசையாமல் விறைத்து நிற்கும்போது கெண்டைக்கால் தசைகள் வேலை செய்வதில்லை. அவை சுருங்கி விரிந்தால்தான் காலில் உள்ள இரத்தம் மேலே இருதயத்துக்குத் தள்ளப்படும். விமானியின் நிலை இதைவிடப் பன்மடங்கு கடுமையானது. எவ்வளவு கடுமை என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். (எப்படியும் உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுத்துக் கடன் கொடுத்து எனக்கும் கணக்கு வந்துவிட்டது.)

ஒரு விமானம் வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில், 500 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்புவதாகக் கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் 80 வருகிறது. புவியீர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 10. ஆகவே அந்த விமானி தம் எடையைப்போல் 8 மடங்கு எடையை உணர்வார். இதைத்தான் விமானப்படையில் "8 ஜி" என்கிறார்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு 400 கிலோ! இன்றைய போர் விமானங்கள் 9 ஜி வரை தாங்குமாறு கட்டப்பட்டவை. இரும்பு தாங்கும், உள்ளே அமர்ந்திருக்கும் மனிதர் தாங்க வேண்டுமே.

இருதயத்துக்கும் கண்ணுக்கும் இடையே ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயரம். அவ்வளவு உயரத்துக்கு இரத்தத்தை ஏற்றச் சாதாரண நிலையில் சுமார் 23 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வேண்டும். இருதயம் தருவதோ 120. 5 ஜி வந்தால் வேண்டிய அழுத்தம் 115 ஆகிவிடுகிறது. அதாவது இருதயத்தின் கையிருப்பு முழுவதும் அங்கேயே தீர்ந்துபோகிறது. கண்ணுக்குள் தனியே ஓர் அழுத்தம் இருப்பதால் முதலில் பார்வைதான் கெடும். ஓரங்கள் மங்கும், வண்ணங்கள் வெளுத்துச் சாம்பலாகும், பிறகு முழு இருட்டு. அதற்கும் பிறகு நினைவு போகும். வேகமாகத் திரும்பிவிட்டால் இந்த எச்சரிக்கைகூடக் கிடைப்பதில்லை. மூளையில் சேமிப்பாக உள்ள பிராணவாயு ஏறத்தாழ 5 வினாடிக்குத்தான் வரும். அது தீர்ந்ததும் ஒரேயடியாக மயக்கம். மயங்கியவர் சுமார் 12 வினாடி கழித்து விழித்தாலும், மேலும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் தாம் எங்கிருக்கிறோம் என்பதே தெரியாது. நம் மாணவி கேட்ட அதே கேள்விதான்! அவள் புல்தரையில் படுத்திருந்தாள். விமானியோ அதற்குள் 5 கிலோமீட்டர் போயிருப்பார், தரையை நோக்கிக்கூட.

இதற்கு இரண்டு பாதுகாப்புகள் உண்டு. ஒன்று, உடை. இரண்டாவது உலகப் போரின்போது கனடாவில் டொரான்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்பர் பிராங்க்ஸ் என்ற மருத்துவர் நீர் நிரப்பிய உடை ஒன்றை அமைத்தார். அவர் உண்மையில் புற்றுநோய் ஆராய்ச்சியாளர். வேகமாகச் சுழலும் கருவியில் அவருடைய கண்ணாடிக் குழாய்கள் அடிக்கடி உடைந்தனவாம். நீருக்குள் மிதக்கவிட்டுச் சுழற்றியபோது உடையவில்லை. குழாய்க்கு ஆவது மனிதருக்கும் ஆகுமே என்ற எண்ணத்தில் பிறந்தது அந்த உடை. 1942இல் அது போரில் பயன்பட்டது. இன்றைய உடையில் நீர் இல்லை, காற்று. வயிறு, தொடைகள், கெண்டைக்கால்கள் ஆகிய இடங்களில் உள்ள பைகள் விமானம் திரும்பும்போது தாமாகவே ஊதிக் காலை இறுக்குகின்றன. ஆயினும் அந்த உடை தரும் உதவி ஒன்று அல்லது ஒன்றரை ஜி அளவே.

மற்றப் பாதுகாப்பு விமானியின் தசைகள். கால், தொடை, பிட்டம், வயிறு அத்தனையையும் இரும்புபோல் இறுக்கி, ஆழமாக மூச்சை இழுத்து, தொண்டையை மூடி, மூடிய தொண்டைக்கு எதிராக மூச்சை அழுத்த வேண்டும். மூன்று வினாடிக்கு ஒருமுறை, ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் வெளிவிட்டு உள்ளிழுத்துவிட வேண்டும். தாமதித்தால் அதற்குள் அழுத்தம் இறங்கிவிடும். இதை ஒழுங்காகச் செய்பவர் மேலும் மூன்று, நான்கு ஜி தாங்குகிறார். இந்த முறையின் ஆரம்பம் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், 1940களில் ஏர்ல் வுட் முதலிய ஆய்வாளர்கள் சுழல் இயந்திரத்தில் ஆட்களை அமர்த்திச் செய்த சோதனைகள். நம் நாட்டில் பெங்களூரில் 1957இல் தொடங்கப்பட்ட விமானப்படை மருத்துவ நிறுவனத்திலும் இத்தகைய இயந்திரம் உண்டு. ராட்டினம்போல் ஒரு நீண்ட கரம், அதன் நுனியில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் விமானி. ஆனால் ஏறியவர் யாரும் ராட்டின மகிழ்ச்சியோடு இறங்குவதில்லை.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். அப்படியானால் விமானிக்கு எந்த உடற்பயிற்சி நல்லது? ஓட்டம் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். ஓட்டப் பயிற்சியைவிட உயர்ந்தது எது? ஆனால் 1982இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு வேறுவிதமாகச் சொல்லிற்று. ஆட்களை மூன்று குழுவாகப் பிரித்து, 12 வாரங்கள் ஒரு குழுவுக்குப் பளு தூக்கும் பயிற்சியும், ஒரு குழுவுக்கு ஓட்டமும் கொடுத்து, மூன்றாவது குழுவைச் சும்மா விட்டார்கள். பிறகு சுழல் இயந்திரத்தில் நாலரை ஜிக்கும் 7 ஜிக்கும் மாற்றி மாற்றி, களைத்துப்போகும்வரை சுழற்றினார்கள். பளு தூக்கியவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஓடியவர்களுக்கும் சும்மா இருந்தவர்களுக்கும் பெரிய வேற்றுமை இல்லை! அடுத்த ஆண்டு ஸ்வீடனில் போர் விமானிகளுக்கு 11 வாரம் தசைப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததிலும் நல்ல பலன் தெரிந்தது. யோசித்தால் காரணம் விளங்கும். விமானி இருக்கையில் அமர்ந்தபடி தசையை முழுப் பலத்தோடு இறுக்கி, விட்டு, மறுபடி இறுக்குகிறார். அது மாரத்தான் அல்ல. மூட்டை தூக்குவதற்கு ஒப்பானது. ஓட்டம் வேண்டாம் என்று பொருள் அல்ல. ஒரு வானப் போர்ப் பயிற்சி முடிந்து அடுத்ததற்குள் களைப்பு நீங்க நல்ல மூச்சுத்திறன் வேண்டும்; அதற்கு மிதமான ஓட்டம் உதவும். நானும் அதன் பிறகு ஓட்டத்தின் மேல் வைத்திருந்த குருட்டுப் பக்தியைக் குறைத்துக்கொண்டேன்.

ஆகவே விமானியின் பயிற்சியாளர் முதலிடம் கொடுப்பது பெரிய தசைகளுக்கு. தோளில் பளுவோடு பஸ்கி எடுத்தல், தரையிலிருந்து பளுவை முதுகு வளையாமல் தூக்குதல், தண்டால், முழங்கையை ஊன்றி உடலைப் பலகைபோல் நிறுத்தல் ஆகியவை அவற்றுள் சில. பளுவைச் சிறிது சிறிதாக ஏற்றுவார். இதில் ஆசிரியரின் திறமை, எதைச் செய்யச் சொல்வது என்பதில் பாதி. எப்போது செய்யக் கூடாது என்பதில் பாதி. கடுமையான பயிற்சியால் கால் வலியெடுத்தவரை அன்றே பறக்க விடலாகாது; இறுக்க வேண்டிய தசை ஏற்கனவே களைத்திருக்கும். நீர் குறைந்த உடம்பும் அப்படியே. தண்ணீர் குடிக்காமலும் தூங்காமலும் வந்தவரின் தாங்குதிறன் குறைந்துவிடும், அவர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் சரி.

கழுத்தைப்பற்றித் தனியே சொல்ல வேண்டும். தலையின் எடை சுமார் 5 கிலோ. தலைக்கவசமும் முகமூடியும் ஏறக்குறைய 2 கிலோ. 9 ஜியில் இந்த 7 கிலோ 63 கிலோவாகிறது. அந்தச் சுமையோடு விமானி பின்னால் வரும் எதிரியைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டும்! போர் விமானிகளிடையே கழுத்து வலி மிகச் சாதாரணம். எலும்பிடை வட்டுகள் தேய்ந்து பறப்பதை விட்டவர்களும் உண்டு. ஹெலிகாப்டர் விமானிகளுக்கு ஜி குறைவு. ஆனால் அதிர்வு அதிகம், மணிக்கணக்கில் முன்னால் குனிந்த இருப்பு, இரவில் கவசத்தின் முன்புறம் தொங்கும் பார்வைக் கருவி வேறு. அதைச் சமன்செய்யப் பின்புறம் ஓர் எடையைக் கட்டுவார்கள். சமன் ஆகிறதே தவிர, மொத்தச் சுமை கூடிவிடுகிறது. இதனால்தான் பிரிட்டிஷ் விமானப்படை போன்றவை விமானிகளுக்கென்று அமைத்த பயிற்சித் திட்டங்களில் கழுத்துக்கும் தோளுக்கும் தனி இடம் தந்திருக்கின்றன.

இனி அந்த மாணவியின் கேள்வி. 1986இல் அமெரிக்க விமானப்படை ஆய்வாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களைச் சுழல் இயந்திரத்தில் அமர்த்தி, ஆண்களின் கணக்கோடு ஒப்பிட்டார்கள். ஜி தாங்கும் திறனில் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. குள்ளமானவருக்கு இருதயத்திலிருந்து கண்ணுக்கு உள்ள உயரம் குறைவு என்பதால் சற்று அனுகூலம்கூட உண்டு. ஆனால் உண்மையை மறைக்கலாகாது: சராசரியாகப் பெண்களின் கழுத்துத் தசையும் தோள் தசையும் பலம் குறைந்தவை, தலைக்கவசத்தின் எடையோ எல்லோருக்கும் ஒன்றே. ஆகையால் பெண் விமானி அந்த இடத்தில் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. உழைத்திருக்கிறார்கள். 2016 ஜூன் 18ஆம் நாள் ஐதராபாத் அருகே துண்டிகல்லில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவரும் நம் விமானப்படையின் முதல் பெண் போர் விமானிகளாகப் பொறுப்பேற்றனர். 2018 பிப்ரவரியில் அவனி சதுர்வேதி மிக்-21 விமானத்தைத் தனியே ஓட்டினார். 2024இல் மோகனா சிங் தேஜஸ் படைப்பிரிவில் சேர்ந்த முதல் பெண்ணானார். தூரதேசத்துக் கதை என்று எண்ண வேண்டாம். நம் தஞ்சாவூரிலேயே 2020 ஜனவரியில் சுகோய்-30 படைப்பிரிவு ஒன்று அமைக்கப்பட்டது.

இதையெல்லாம் அந்த மாணவியிடம் சொன்னேன். மாமாவிடம் சொன்னாளா என்று தெரியாது. ஆனால் மறுநாளே "கழுத்துப் பயிற்சி சொல்லிக் கொடுங்கள்" என்று வந்து நின்றாள். எளிய ஒன்றைக் காட்டினேன். உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாதபடி கையும் தலையும் ஒன்றையொன்று மெதுவாகத் தள்ளுதல், ஐந்து எண்ணும்வரை. பிறகு பின்தலையிலும் இரு பக்கங்களிலும் அவ்வாறே. வெடுக்கென்று தள்ளக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது, வலித்தால் நிறுத்திவிட வேண்டும். விமானிகளின் மூச்சுப் பிடிப்பை மட்டும் யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அது மேற்பார்வையில் பழக வேண்டியது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: விழா ஒத்திகை நாட்களில் பிள்ளைகளை இரண்டு இட்லியாவது சாப்பிட வைத்து, தண்ணீர் பாட்டிலோடு அனுப்புங்கள். மாணவியருக்கும் ஒன்று. அணிவகுப்பில் நிற்கும்போது முழங்காலைப் பூட்டி விறைக்காதீர்கள். காலணிக்குள் விரல்களை மடக்கி நீட்டுங்கள்; கெண்டைக்காலை இறுக்கி விடுங்கள்; குதிகாலை நூலளவு உயர்த்தி இறக்குங்கள். மேடையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கண் ஓரம் மங்குவதுபோல் தோன்றினால் வெட்கப்படாமல் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். வரிசை கெட்டாலும் நான் திட்ட மாட்டேன்.